ரொட்டிக்கடை மாப்பிள்ளை

என் அண்ணன் நுமேரியஸ் சின்னக் கேடயக் கட்சி. கட்சி என்று சொன்னால் அதன் கனம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. விருந்து வீட்டில் பக்கத்தில் இருப்பவன் பெரிய கேடயக்காரன் என்று தெரிந்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிடுவார். எங்கள் ஊர் கப்புவா முழுக்கவே அப்படி இரண்டாகப் பிரிந்து கிடந்தது. வளைந்த கத்தியும் சின்னக் கேடயமுமாக அரங்கில் துள்ளித் துள்ளிச் சண்டை போடுகிற வீரர்களுக்கு ஒரு பாதி ஊர். உடம்பையே மறைக்கும் பெரிய கேடயத்தைப் பிடித்துக்கொண்டு சுவர் நகர்வதுபோல் நகர்ந்து வருகிறவர்களுக்கு மறு பாதி. எங்கள் ரொட்டிக்கடைக்கு எதிரே ரோஜாத் தைலம் விற்கும் சத்தியஸ் பெரிய கேடயம். இருபது வருடமாக எதிரெதிர்க் கடை. இன்றைக்கு வெயில் அதிகம் என்பதைக்கூட இரண்டு பேரும் சண்டைக்கு இழுக்கிற குரலில்தான் சொல்லிக்கொள்வார்கள்.

அண்ணனுக்கு இஸ்மாரஸ் என்றால் உயிர். சின்னக் கேடயக்காரர்களில் அவனுக்கு இணை அன்றைக்கு யாரும் இல்லை. களத்துக்குள் அவன் நடந்து வரும்போதே அரங்கு எழுந்து நிற்கும். பதினான்கு சண்டை, பதினான்கு வெற்றி. பதினைந்தாவது சண்டையில், அறுவடை முடிந்த கடும் கோடையில், தாசியஸ் என்ற பெரிய கேடயக்காரரிடம் தோற்றான். ஜனங்கள் துணியை வீசி அவனை உயிரோடு விடச் சொன்னார்கள், விட்டார்கள். ஆனாலும் அண்ணன் மறுநாள் அடுப்பு மூட்டவில்லை. தெரு முழுக்கப் பழைய ரொட்டி தின்றது. அன்றிலிருந்து யார் அந்தச் சண்டையைப் பற்றி எடுத்தாலும், இஸ்மாரஸ் தோற்கவில்லை, மணலில் கால் வழுக்கிவிட்டது என்பார். அதோடு நிற்கவில்லை. மாவு அரைக்கிற கழுதைக்கு தாசியஸ் என்று பேர் வைத்தார். நாள் பூராவும் வாயாரத் திட்டலாம் அல்லவா.

நான் அப்போது முதல் புருஷனைக் காய்ச்சலில் பறிகொடுத்துவிட்டு அண்ணன் கடையில் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கேட்டால், பெண் வீட்டார் எல்லாம் பெரிய கேடயமாக இருக்கிறார்கள் என்பார்.

அந்தச் சண்டை நடந்து நான்காம் வருடம், ஒரு நாள் காலை கூட்டம் ஓய்ந்த நேரத்தில், கழுத்து தடித்த ஒருவர் வந்து இரண்டு ரொட்டி கேட்டார். இடது காது பாதிதான் இருந்தது. எங்கேயோ பார்த்த முகம் என்று யோசித்துக்கொண்டே ரொட்டியை எடுக்கிறேன், உள்ளேயிருந்து அண்ணன் குரல் வருகிறது: "டேய் தாசியஸ், சோம்பேறிப் பயலே, தின்ன தீனி எங்கடா போச்சு, நட."

வந்தவர் கை அப்படியே நின்றுவிட்டது. எனக்கு அப்போதுதான் ஆள் யாரென்று உறைத்தது. தலைக்கவசம் இல்லாமல் அவரைப் பார்த்ததே இல்லையே. உடம்பெல்லாம் கூசிப் போனது.

"உள்ள யாரு?" என்று கேட்டார்.

"எங்க கழுதைங்க."

அவர் பாதிக் காதைத் தடவிக்கொண்டார். "நல்லா உழைக்குதா?"

"உழைக்குதுங்க."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு ரொட்டியை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். அந்த வசந்தத்தில்தான் அவருக்கு மரவாள் கொடுத்து விடுதலை செய்திருந்தார்கள். வாள்வீரர் பள்ளியிலேயே பையன்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டு, திருவிழாச் சண்டைகளில் நடுவராகக் கோல் பிடித்துக்கொண்டு, தனியாக ஒரு மாடியறையில் இருந்தார். பதினோரு வருடம் பள்ளியில் பார்லிக் கஞ்சியும் அவரைக்காயுமே தின்றவர். கோதுமை ரொட்டியை அவர் பிட்டு வாயில் வைப்பதைப் பார்க்க வேண்டும். கோயிலில் பிரசாதம் வாங்குகிறவன்கூட அவ்வளவு பக்தியாகத் தின்னமாட்டான். கழுதையை ஒருநாள் நேரிலேயே பார்க்கக் கேட்டார். அண்ணன் இல்லாத நேரம் பார்த்துக் கூட்டிப் போனேன். அதன் காதைத் தடவி, இதுக்கு ரெண்டு காதும் முழுசா இருக்கு, என்னைவிட அதிர்ஷ்டசாலி என்றார். அன்றைக்கே எனக்கு மனசு முடிவாகிவிட்டது. அவருக்கு மூன்று மாதம் பிடித்தது. களத்தில்கூட அவர் மெதுவாகத்தான் நகருவார் என்று சத்தியஸ் பின்னால் சொன்னார்.

அண்ணனிடம் நானே போய்ச் சொன்னேன். மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஊர்ல வேற ஆம்பளையே கிடைக்கலியா உனக்கு?"

"கிடைப்பாங்க அண்ணே. ஆனா தன் பேரை ஒரு கழுதைக்கு வச்சவன் வீட்டுக்குத் தினம் வந்து, கோவிச்சுக்காம ரொட்டி வாங்கிட்டுப் போற ஆம்பளை கிடைப்பானா?"

வாள்வீரன் விடுதலையானாலும் சட்டத்தின் கண்ணில் கூத்தாடிக்குச் சமம்தான். ஊர்ச் சபையில் உட்கார முடியாது, மதிப்பான குடும்பங்கள் பெண் கொடுக்காது. எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாம் அதைச் சொல்லித்தான் மூக்கைச் சுளித்தார்கள். அண்ணன் மட்டும் அதை ஒருதரம்கூடச் சொல்லவில்லை. அவருக்கு இருந்த வருத்தம் கேடயத்தின் அளவு ஒன்றுதான். அதை நினைத்தால் இப்போதும் அண்ணன்மேல் பாசம் பொங்குகிறது.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். இஸ்மாரஸோடு போட்ட சண்டையைப் பற்றி இந்த வீட்டுக்குள் ஒரு வார்த்தை பேசக்கூடாது. தாசியஸ் உடனே தலையாட்டினார். நான் என் பங்குக்கு ஒரு நிபந்தனை போட்டேன். கழுதைக்கு வேறு பேர் வைக்க வேண்டும். அண்ணன் ரொம்ப யோசித்து வரி வசூலிக்க வருகிறவன் பேரை வைத்தார்.

கல்யாணத்துக்குப் பிறகும் ஒரே கூரைக்குக் கீழ்தான் இருந்தோம். அண்ணன் அவருக்கென்று கருகின ரொட்டியாகப் பார்த்து எடுத்து வைப்பார். அவர் அதையும் ரசித்துத் தின்பார். கருகல் பல்லுக்கு நல்லது மச்சான் என்பார். ஒரு குளிர்காலத்தில் கழுதைக்குக் கால் வீங்கிப் படுத்துக்கொண்டபோது, பத்து நாள் அவரே நுகத்தடியில் தோளைக் கொடுத்துத் திரிகையைச் சுற்றினார். மாவு எப்போதையும்விட மென்மையாக விழுந்தது. வாங்கினவர்கள் எல்லாம் சொன்னார்கள். அண்ணன் மட்டும், பெரிய கேடயக்காரனுக்கு முட்டித் தள்ளத்தான் தெரியும், அதை ஒழுங்காச் செய்யறான் என்றார். அது பாராட்டு என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆனது. அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது.

இப்படி நாலு வருடம் போனது. அடுத்த ரோஜாப் பருவத்தில், புதிதாகப் பதவிக்கு வந்த ஊர்த்தலைவர் ஒருவர் மூன்று நாள் சண்டைத் திருவிழா வைத்தார். சுவரில் சிவப்பு மையில் ஜோடிகளின் பேரை எழுதிவிட்டுப் போனார்கள். அதைப் படித்துவிட்டு வந்த அண்ணன் முகம் மாவுபோல் வெளுத்திருந்தது. கடைசி நாள் கடைசி ஜோடி, இஸ்மாரஸும் தவ்ரினஸும். தவ்ரினஸ் இருபத்திரண்டு வயதுப் பெரிய கேடயக்காரன்; என் வீட்டுக்காரரே கைப்பிடித்து வாள் பழக்கியவன். அவர் சாயலிலேயே நடப்பான். இஸ்மாரஸுக்கோ முப்பத்து மூன்று ஆகிவிட்டது. அந்த வருடம் முழங்காலில் பிடிப்பு என்று பேச்சு. நடுவர் யார் என்றால், தாசியஸ்.

ஒன்பது நாள் அண்ணன் அவரோடு பேசவில்லை. என்னிடம் மட்டும் ஒருதரம், உன் புருஷன் சிஷ்யப் பிள்ளைக்கு எப்படியும் சாதகம் பண்ணுவான் பாரு என்றார். நான் அதை அவரிடம் சொன்னேன். அவர் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். களத்துல எனக்கு சிஷ்யனும் கிடையாது, மச்சானும் கிடையாது, கோல் ஒன்னுதான் என்றார். ஆனால் அந்த ஒன்பது நாளும் அவரும் சரியாகத் தூங்கவில்லை. எனக்குத் தெரியும்.

எங்களுக்கு, பெண்களுக்கு, இடம் அரங்கின் உச்சிப் படியில். அங்கிருந்து மனிதர்கள் விரல் உயரம்தான். ஆனாலும் நடையை வைத்து யார் யாரென்று சொல்லிவிடலாம். அண்ணன் கீழே சின்னக் கேடயக் கூட்டத்தில் இருந்தார். நடைபாதைக்கு அந்தப் பக்கம் பெரிய கேடயங்கள். முதல் ஆளாக சத்தியஸ், தலையில் ரோஜா மாலை.

சண்டை நன்றாகத்தான் தொடங்கியது. இஸ்மாரஸ் பழையபடி சுற்றிச் சுற்றி வந்தான். தவ்ரினஸ் பொறுமையாகக் கேடயத்துக்குப் பின்னால் காத்திருந்தான். அது என் வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்த பொறுமை. கொஞ்ச நேரத்தில் பையன் நெருக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு அடியாக இஸ்மாரஸைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனான். அந்த நேரத்தில்தான் இஸ்மாரஸின் காலில் கட்டியிருந்த உலோகக் காப்பின் வார் அறுந்தது. காப்பு சரிந்து பாதத்தில் சிக்கியது. இன்னொரு எட்டு வைத்திருந்தால் விழுந்திருப்பான். தவ்ரினஸ் வாளை ஓங்கிவிட்டான். முடிந்தது என்று பெரிய கேடயப் பக்கம் எழுந்து நின்றுவிட்டது.

என் வீட்டுக்காரர் கோலை இருவருக்கும் நடுவே நீட்டினார்.

அறுந்த வாரோடு சண்டை கூடாது என்பது விதி. அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஜெயிக்கப் போகிற நேரத்தில் விதி யாருக்கு நினைவிருக்கும்? பெரிய கேடயக் கூட்டம், எத்தனையோ வருடம் அவருடைய பேரைக் கத்தித் தொண்டை வற்றிய அதே கூட்டம், ஊளையிட ஆரம்பித்தது. ரொட்டிக்கடை மாப்பிள்ளை, ரொட்டிக்கடை மாப்பிள்ளை என்று ராகம் போட்டுக் கத்தினார்கள். யாரோ ஒருவன் பாதி தின்ற ரொட்டியையே களத்துக்குள் எறிந்தான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. புது வார் கொண்டுவரச் சொல்லி, அதைக் கட்டி முடிக்கும்வரை கோலை ஊன்றிக்கொண்டு நின்றார். இருவருக்கும் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு கோலை விலக்கினார்.

அந்த இடைவெளியில் மூச்சு வாங்கிக்கொண்ட இஸ்மாரஸ் கொஞ்ச நேரம் பழைய இஸ்மாரஸாக இருந்தான். பையனுக்குத் தோளில் ஒரு கீறல்கூடப் போட்டான். ஆனால் இருபத்திரண்டு வயதுக்கு முன்னால் முப்பத்து மூன்று எவ்வளவு நேரம் தாங்கும்? தொடையில் வெட்டு வாங்கி, கேடயம் எங்கோ போய் விழ, மணலில் சாய்ந்து, தோல்வியை ஒப்புக்கொண்டு ஒரு விரலை உயர்த்தினான். சண்டை வெறியில் இருந்த தவ்ரினஸ் அதைக் கவனிக்காமல் மறுபடி வாளை ஓங்கினான். என் வீட்டுக்காரர் பாய்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அப்படியே நின்றார்கள். உயிரா சாவா என்று சொல்ல வேண்டியவர் விழா எடுத்த ஊர்த்தலைவர்; அவர் ஜனங்களைப் பார்த்தார்.

சின்னக் கேடயப் பக்கம் முழுக்கத் துணி ஆடியது. மறு பக்கம் ஒரு துணிகூட அசையவில்லை. வார் அறுந்தபோதே ஜெயித்திருக்க வேண்டிய சண்டை என்ற கோபம். விழா எடுத்தவரின் பார்வை அந்தப் பக்கமே நின்றது. அவருக்கு ஓட்டுப் போட்டவர்களில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள்.

அப்போது நடந்ததை நான் மேலேயிருந்து பார்த்தேன். என்ன பேசினார்கள் என்பதை சத்தியஸ் வருடம் பூராவும் தன் கடை வாசலில் நின்று சொன்னார். நடைபாதையைத் தாண்டி அண்ணன் அந்தப் பக்கம் போனார். பிறந்ததிலிருந்து அவர் கால் வைக்காத பக்கம். நேராக சத்தியஸின் முன்னால் போய் நின்று, அவர் இடுப்பில் செருகியிருந்த துணியைக் காட்டி, அதை வீசச் சொன்னார்.

சத்தியஸ் சாவகாசமாக மாலையைச் சரிசெய்துகொண்டு, "மொதல்ல தாசியஸ் வாழ்கன்னு சொல்லு. அப்புறம் பாக்கலாம்," என்றாராம். விளையாட்டாகத்தான் சொன்னாராம். செய்வார் என்று நினைக்கவில்லையாம்.

அண்ணன் பெஞ்சுமேல் ஏறி நின்று களத்தைப் பார்த்துக் கத்தினார். "தாசியஸ் வாழ்க. எங்க மாப்பிள்ளை தாசியஸ் வாழ்க." தொண்டை கிழிய, நரம்பு புடைக்க, ஏழெட்டுத் தரம். அண்ணனைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் யார்? கழுதைக் கதை தெரியாதவர்கள் யார்? முதலில் சிரிப்பு எழுந்தது. சிரித்துக்கொண்டே ஒருவன் துணியை எடுத்தான். சத்தியஸ் தன் மேலாடையையே கழற்றி வீசினார். பிறகு படிப்படியாக அந்தப் பக்கம் முழுக்க வெள்ளையாக ஆடியது. விழா எடுத்தவர் கையை உயர்த்தினார். என் வீட்டுக்காரர் தவ்ரினஸின் மணிக்கட்டை விட்டார்.

அந்தச் சத்தத்தில் அண்ணன் குரல் கேட்டதா என்று வீட்டுக்காரரிடம் பிறகு கேட்டேன். இல்லை என்றார். ஆனால் துணிகள் ஆடுவதற்கு முன்னாலேயே அவர் தலை அந்தப் பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன்.

இஸ்மாரஸின் காயம் ஆற ஐந்து வாரம் பிடித்தது. ஆறியதும் அவனுக்கும் மரவாள் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த ஒரு நண்பகலில், சொல்லாமல் கொள்ளாமல், என் வீட்டுக்காரர் அவனைத் தோளில் தாங்கிச் சாப்பிடக் கூட்டி வந்தார். அண்ணன் அடுப்பு வாயில் நின்றுகொண்டிருந்தார். இஸ்மாரஸைப் பார்த்தார். ரொட்டி எடுக்கிற துடுப்போடு அப்படியே நின்றார். உள்ளே இருந்த ஒரு அடுக்கு ரொட்டியும் கரியாகிப் போனது.

பூண்டுத் தொத்திறைச்சி, பாலாடைக்கட்டி, அத்திப்பழம் என்று இருந்ததை எல்லாம் வைத்தேன். இரண்டு வீரர்களும் சாப்பிட்டுக்கொண்டே பேசினார்கள். எங்கள் ஊரே இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்ட அந்த இரண்டு பேரும் ஆறு வருடம் ஒரே அறையில் படுத்தவர்கள் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. பேச்செல்லாம் முழங்கால் வலியும், அவரைக்காயால் வந்த வயிற்றுப் பொருமலும், குறட்டை விட்ட இன்னொரு கூட்டாளியும்தான். கேடயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அண்ணன் ஒரு மூலையில் உட்கார்ந்து, கல்யாணப் பெண்போலத் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில், ஒரு கிண்ணம் மதுவைக் குடித்த தைரியத்தில், எட்டு வருடமாக மனசில் வைத்திருந்ததைக் கேட்டார்.

"அன்னிக்கு... அந்தக் கோடைச் சண்டையில... உங்களுக்குக் கால் வழுக்கிடுச்சுல்ல?"

இஸ்மாரஸ் புரியாமல் பார்த்தான். "வழுக்கலியே. இவன் அடிச்சான், நான் விழுந்தேன்."

அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் ரொட்டித் தட்டை எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். அப்போது என் வீட்டுக்காரர், அத்திப்பழத்தை உரித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"உனக்கு ஞாபகம் இல்ல. முந்தின சண்டையில தண்ணி கொட்டியிருந்துச்சு. அந்த எடத்துல மணல் ஈரம். உன் காலு லேசா நழுவுச்சு. நான் பக்கத்துல இருந்தேன், எனக்குத்தான் தெரியும்."

இஸ்மாரஸ் அவரைப் பார்த்தான். பிறகு அண்ணனைப் பார்த்தான். "இருக்கும்," என்றான். "தலையில அடி வாங்குனவனுக்கு எல்லாமா ஞாபகம் இருக்கும்?"

அண்ணன் எழுந்து போய் அன்றைய ரொட்டியில் நல்லதாக ஒன்றை எடுத்து வந்தார். இரண்டாகப் பிட்டார். பெரிய பாதியை என் வீட்டுக்காரர் முன்னால் வைத்தார். சாப்பிடு மாப்ள என்று முகத்துக்கு நேராக அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

எல்லாம் இப்படியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு வருடம் கழித்து தவ்ரினஸ் புத்தேயோலி என்ற ஊர் அரங்கில் தோற்றுச் செத்துப் போனான். அங்கே அவனைத் தெரிந்தவர்கள் இல்லை. அவனுக்காகத் துணி வீச யாரும் எழவில்லை. என் வீட்டுக்காரர் வண்டி கட்டிக்கொண்டு போய்ச் சாம்பலை வாங்கி வந்தார். வழியெல்லாம் பானையை மடியிலேயே வைத்திருந்தாராம். அவன் பெண்டாட்டிக்குப் பத்தொன்பது வயது. கல்லில் என்ன எழுத வேண்டும் என்று கல்தச்சன் கேட்டபோது, எத்தனை சண்டை, எத்தனை வெற்றி என்று கூட இருந்தவர்கள் எண்ணத் தொடங்கினார்கள். அவள் அதெல்லாம் வேண்டாம், காலையில் எழுந்ததும் பாட்டுப் பாடுவார், அதை எழுத முடியுமா என்று கேட்டாள். எழுதினார்கள்.

அப்பியா சாலையோரத்தில் அவனைப் புதைத்த அன்று, படையல் விருந்துக்கு அண்ணன் கூடை நிறைய ரொட்டி சுட்டுத் தலையில் சுமந்து வந்தார். செத்தவன் பெரிய கேடயம் என்று யாரும் சொல்லிக் காட்டவில்லை. சத்தியஸ் நல்ல தைலமாகக் கொண்டுவந்து சாம்பல்மேல் ஊற்றினார். இஸ்மாரஸுக்கு முழங்கால் மடங்காது; தரையில் உட்கார முடியாமல் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டான். என் வீட்டுக்காரர் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. சாப்பிடவும் இல்லை. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிட்டு அவர் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். நாலாவது துண்டை அவர் வாயில் போட்டுக்கொண்டார்.

திரும்பி வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. ஆண்கள் நாலு பேரும் முன்னால் நடந்தார்கள். பாதி வழியில் சத்தியஸ் யாரோ ஒரு புதுப் பையனைப் பற்றி ஆரம்பித்தார். பெரிய கேடயமாம், இடதுகைக்காரனாம், அவனை அடிக்க ஆளே இல்லையாம். அண்ணன் நின்றுவிட்டார். இடதுகைக்காரனுக்கு எப்படிக் கால் வைக்க வேண்டும் என்று இஸ்மாரஸ் நொண்டிக்கொண்டே நடுச்சாலையில் காட்டினான். அது தப்பு என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அது. நாலு பேர் குரலும் ஏறியது.

நானும் தவ்ரினஸின் பெண்டாட்டியும் காலிக் கூடையோடு பின்னால் வந்தோம். அவள் கொஞ்ச தூரம் அதைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"எப்பவும் இப்படித்தானாக்கா?"

"இப்படித்தான்."

அவள் கூடையின் மறு காதைப் பிடித்துக்கொண்டாள். ஊர் வாசல் வரைக்கும் விடவில்லை.